கறுப்புக்குப் பின் மஞ்சள்

1944 ஜூன் மாதத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை 1/48 அளவில் கட்டி முடித்தவர் வண்ணம் அடிக்க உட்காரும்போது எதிரே ஏழு குப்பிகள் நிற்கும். மேற்புறத்துக்கு டார்க் கிரீன், ஓஷன் கிரே. அடிப்புறத்துக்கு அதைவிட வெளிறிய மீடியம் சீ கிரே. மூக்குக் கூம்புக்கும் வாலுக்கு முன்னால் சுற்றி வரும் பட்டைக்கும் இளம்பச்சைச் சாயல் தட்டும் ஸ்கை. இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள். பிறகு நார்மண்டி படையிறக்கத்தை ஒட்டி நேச நாட்டு விமானங்கள் பூசிக்கொண்ட பட்டைகள்: மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. அசலில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். நம் மேசைக்கு வரும்போது அது ஒன்பதரை மில்லிமீட்டர்.

ஏழு நிறங்களுக்கும் ஒரே ஏர்பிரஷ்தான் என்றால் நடுவே ஆறு கழுவல்கள். நிறங்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. இங்கே எழுத விரும்புவது அந்த ஆறு கழுவல்களைப் பற்றி. இந்தக் கலையின் மிக நுட்பமான பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பொம்மை விமானத்தை வியந்து பார்ப்பவர் கண்ணில் அது ஒருபோதும் படாது. படாமல் இருப்பதுதான் அது சரியாக நடந்ததற்கு அடையாளம்.

எவ்வளவு கழுவ வேண்டும் என்பதை அடித்து முடித்த நிறத்தை வைத்தே பலரும் கணிக்கிறார்கள். கறுப்பு அடித்தோமா, நிறையக் கழுவு. வெள்ளை அடித்தோமா, லேசாக விடு. அனுபவம் கூடக் கூட இந்தக் கணக்கு தலைகீழாகும். அளவைச் சொல்வது வரப்போகும் நிறம். ஓஷன் கிரேக்குப் பின் டார்க் கிரீன் வருமானால் அரைக் கிண்ணம் தின்னரை ஓட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். உள்ளே மிஞ்சிய சாம்பலைப் பச்சை சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதே ஓஷன் கிரேக்குப் பின் வெள்ளை வருமானால் கருவியைப் பிரித்தே ஆக வேண்டும். அழுக்கு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அதைப் பொறுத்துக்கொள்ளும் குணம் மட்டும் நிறத்துக்கு நிறம் மாறுகிறது.

அதனால்தான் கைதேர்ந்தவர்கள் நிறங்களின் வரிசையையே கழுவலை மனத்தில் வைத்து அமைக்கிறார்கள். முதலில் வெள்ளை. அதன் மேலேயே மஞ்சள். வெள்ளையின் மேல் அடித்த மஞ்சளுக்குத்தான் வெளிச்சம் வரும். பிறகு ஸ்கை, இரண்டு சாம்பல்கள், பச்சை, கடைசியில் கறுப்பு. வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கி இறங்கும் இந்த வரிசையில் ஒவ்வொரு நிறமும் முந்தியதை மன்னித்துவிடும். காகிதத்தில் இது அழகான திட்டம். மறைப்பு நாடாவை உரிக்கும் நேரம் வரைக்கும் தாங்கும்.

நாடாவை உரித்ததும் எங்கோ ஓரிடத்தில் கறுப்பு கசிந்திருக்கும். அல்லது மஞ்சள் விளிம்பில் ஒரு கீற்று நாடாவோடு பிய்ந்து வந்திருக்கும். அப்போது கறுப்பு அடித்த அதே கருவியில் மஞ்சளை ஊற்ற வேண்டும். வண்ண மாற்றங்களில் இதற்கு மேல் கடினமானது அதிகம் இல்லை. கறுப்பும் மஞ்சளும் கலந்தால் அழுக்கு மஞ்சள் வரும் என்று தோன்றும். வருவது பச்சை. துளிக் கறுப்பு போதும், மஞ்சள் ஆலிவ் பக்கம் சாய்ந்துவிடும். கரிக்கறுப்பின் துகள்கள் அவ்வளவு பொடி, அவ்வளவு வீரியம். எனவே ஏர்பிரஷுக்குள் கறுப்பு எங்கெல்லாம் உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. மேலே ஒரு சிறு கிண்ணம். அதன் அடிவயிற்றின் ஊடாகப் பின்னாலிருந்து முன்னால் வரை ஓர் ஊசி ஓடுகிறது. ஊசியின் கூர்முனை நாசிலின் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விசையை அழுத்தினால் காற்று. பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகி வண்ணம். நாசிலைச் சுற்றி வளையமாகப் பீறிடும் காற்று முனையில் அழுத்தத்தைக் குறைக்க, வண்ணம் தானாக இழுபட்டு வெளியே வந்து புகையாகச் சிதறுகிறது. 1879-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் செய்த கருவிக்கும் இன்றைய கருவிக்கும் உருவத்தில் ஒற்றுமை குறைவு. 1890-களில் சார்லஸ் பர்டிக் காற்றையும் வண்ணத்தையும் தலைப்பகுதிக்குள்ளேயே சந்திக்க வைத்தார். அந்த வழியில்தான் இன்றைக்கும் பெரும்பாலான கருவிகள் வருகின்றன. சந்திப்பை உள்ளே கொண்டு போனதால் தூவல் மென்மையானது. வண்ணம் ஒளிந்துகொள்ளும் இடங்களும் உள்ளே போயின.

மாடல் கட்டுபவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது 0.3 மில்லிமீட்டர் நாசில். அதாவது 300 மைக்ரான். வெள்ளை வண்ணத்துக்கு வெண்மை தருகிற டைட்டானியம் டை ஆக்சைடு துகள் ஏறத்தாழ கால் மைக்ரான். ஆயிரம் துகள்கள் தோளோடு தோள் சேர்ந்து அந்த வாசலைக் கடந்துவிடலாம். ஆக, நன்றாக அரைத்த வண்ணத்தில் துகள் நாசிலை அடைப்பதில்லை. காய்ந்து தோலாகி, அந்தத் தோல் பெயர்ந்து வந்துதான் அடைக்கிறது. காயும் முன் பிடித்துவிட வேண்டும். இரண்டு நிறங்களுக்கு நடுவே கழுவுவதில் அவசரம் இருக்கிறதென்றால் அது இதற்காக மட்டும்தான். மதுரைப் பக்கத்து மே மாத வெயிலில் தண்ணீர்வகை அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்து நிற்கும். அங்கே வண்ணம் மாற்றும்போது மட்டுமல்ல, ஒரே வண்ணத்தின் நடுவிலும் நுனியைத் துடைக்க வேண்டியிருக்கும்.

இனி வேலை. மிச்ச வண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்தை டிஷ்யூத் தாளால் ஒற்றி எடுத்தபின் முதல் சுற்றுத் தின்னர். இங்கே பெரும்பாலானவர்கள் கை தாராளமாகிக் கிண்ணம் நிறைய ஊற்றி ஒரே மூச்சில் ஊதிவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். உள்ளே ஒட்டி நிற்கும் வண்ணம் ஒரு துளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது துளி தின்னர் விட்டுக் கலக்கி வெளியேற்றினால் மறுபடி உள்ளே ஒரு துளி ஒட்டி நிற்கும். ஆனால் அதில் வண்ணம் பத்தில் ஒரு பங்கு. இன்னொரு ஒன்பது துளி: நூறில் ஒரு பங்கு. இன்னொன்று: ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தச் செலவு 27 துளி. அதே 27 துளியை ஒரே தடவையில் கொட்டியிருந்தால் மிஞ்சுவது 28-இல் ஒரு பங்கு. சாம்பலுக்கு 28-இல் ஒரு பங்கு போதுமாக இருக்கலாம். மஞ்சளுக்கு ஆயிரத்தில் ஒன்றும் சந்தேகம்தான். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாக. சிக்கனமும் சுத்தமும் ஒரே பக்கம் நிற்கிற அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

தின்னரை விட்டதும் விசையைத் தொடக்கூடாது. முதலில் ஒரு பழைய மெல்லிய தூரிகையால் கிண்ணத்தின் அடியைத் தடவ வேண்டும், முக்கியமாக ஊசிக்குக் கீழே. மேலிருந்து பார்க்கும்போது ஊசி அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். கிண்ணம் பளபளவென்று இருக்கும், ஊசியின் அடியில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு படுத்திருக்கும். தூரிகையின் மயிர் அங்கே நுழைந்ததும் தெளிந்திருந்த தின்னரில் ஒரு மைக்கீற்று எழுந்து சுருண்டு பரவும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கீற்றைப் பார்ப்பதில் ஒரு நிறைவு. ஒளிந்திருந்தது வெளியே வந்ததன் சாட்சி அது.

அடுத்துக் கொப்பளிப்பு. ஜப்பானிய மாடலர்களும் இதற்கு வாய் கொப்பளிப்பது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாசிலைச் சுற்றி மூடும் முன்மூடியின் வாயைத் துணி சுற்றிய விரலால் அடைத்துக்கொண்டு, காற்றைக் குறைவாக வைத்து, விசையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால், முன்னே போக வழியற்ற காற்று நாசிலுக்குள் புகுந்து கிண்ணத்தில் குமிழிகளாகக் கிளம்பும். வண்ணம் நடந்த பாதையில் காற்றைத் திருப்பி நடத்துவதால், நாசிலின் உட்சுவரில் முன்னோக்கிப் படிந்தது பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பெயரும். குமிழிகளையும் கவனிக்கலாம். ஆரோக்கியமான கருவியில் சீரான குமிழிகள், ஒரே தாளம். விரலை எடுத்து வழக்கம்போல் ஊதும்போதும் கிண்ணத்தில் குமிழி வந்தால் நாசில் சரியாக இருக்கையில் அமரவில்லை, அல்லது அதில் விரிசல் விழுந்திருக்கிறது. கழுவும்போதே கருவியின் உடல்நிலையும் தெரிந்துவிடுகிறது. அழுத்தத்தை மட்டும் கூட்டிவிடக் கூடாது. கிண்ணம் அப்படியே முகத்தில் வந்து விழும்.

கொப்பளித்த தின்னரை ஊதித் தள்ளுவது வடிகட்டி பொருத்திய கண்ணாடி ஜாடிக்குள். லாக்கர் தின்னர் என்றால் அறைக்குக் காற்றோட்டமும் முகத்துக்குக் கரிம ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம். தூசிக்கான துணி முகமூடி இதற்கு உதவாது. நுரையீரலுக்கு வேறு தின்னர் கிடையாது.

மூன்று சுற்று முடிந்து தின்னர் நிறமின்றி வெளியேறுகிறது. சாம்பலுக்குச் சாம்பல் என்றால் இங்கே நிறுத்தலாம். மஞ்சள் காத்திருக்கிறது என்றால் இப்போதுதான் ஊசியை எடுக்க வேண்டும். சிலர் முதலிலேயே ஊசியைப் பின்னால் உருவிவிடுகிறார்கள். ஈர வண்ணம் ஊசியோடு பின்னால் போய், விசைப் பகுதியைக் காக்கும் சிறு அடைப்பில் ஒட்டி, நாளடைவில் விசையை இறுக்கிவிடும். அதைத் தவிர்க்க நாசிலைக் கழற்றி ஊசியை முன்பக்கமாக எடுப்பவர்களும் உண்டு. மூன்று சுற்று கொப்பளித்த பிறகு பின்பக்கமாக உருவினாலே போதும் என்பது என் கட்சி.

உருவிய ஊசியை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். நீண்ட எஃகுத் தண்டு, கடைசியில் கண்ணுக்கு முடிவு தெரியாத கூர்மை. தண்டு சுத்தமாக இருக்கும். கூம்பின் மேல், நாசிலின் வாயோடு உரசி நின்ற இடத்தில், ஒரு மெல்லிய வளையம்.  மூன்று சுற்றுகளையும் தாண்டி உயிரோடு இருந்த கறுப்பு அது. தின்னரில் நனைத்த தாளை இரண்டு விரலுக்கு நடுவே மடித்து, தண்டிலிருந்து நுனியை நோக்கி, ஊசியை உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். நுனியிலிருந்து தண்டை நோக்கி ஒருபோதும் கூடாது. தாளும் கிழியும், நுனியும் வளையும். நுனி வளைந்திருக்கிறதா என்று கண் சொல்லாது. நகத்தின் மேல் மெல்லப் பின்னோக்கி இழுத்தால் நகம் சொல்லிவிடும். வளைந்திருந்தால் எங்கோ ஒரு சிறு கொக்கி கீறும்.

நாசிலைக் கழற்றுவதில் கருவிக்குக் கருவி குணம் வேறு. ஜெர்மனியின் ஹார்டர் ஸ்டீன்பெக் கருவிகளில் நாசிலுக்கு மரையே இல்லை. முன்மூடியைத் திறந்தால் தானாக வந்துவிடும், மூடினால் தானாக நடுவில் அமரும். ஜப்பானின் இவாட்டா ஹெச்பி-சி பிளஸ் போன்றவற்றில் அரிசிமணி அளவு நாசில், அதற்கென்று ஒரு மரை, அதைத் திருக ஒரு குட்டி ஸ்பானர். அந்த ஸ்பானரைப் பிடிக்கும்போது விரல் பலத்தை மறந்துவிட வேண்டும். மரை இழைகள் அத்தனை மெல்லியவை. சற்று இறுக்கினால் நாசில் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். இரண்டில் எது மேல் என்ற விவாதம் ஓயாது. வண்ணத்துக்கு வண்ணம் பிரிப்பவர்களுக்கு மரையில்லாதது வரம் என்பேன். மற்றபடி அந்தக் குட்டி மரையைக் கடைந்தெடுத்த கைத்திறனைப் பார்த்தால் அதையும் குறை சொல்ல மனம் வராது.

நாசிலின் உள்ளே ஒரு சிறு கூம்பு. அதற்குள் கம்பியை விடக்கூடாது. டிஷ்யூத் தாளின் ஒரு மூலையைக் கிழித்து, தின்னரில் நனைத்து, விரலில் முறுக்கிக் கூராக்கினால் அந்தக் கூம்புக்கு அளவெடுத்த திரி கிடைக்கும். பின்புறத்திலிருந்து நுழைத்து ஒரு சுழற்று. வெளியே எடுத்தால் வெள்ளைத் தாளின் நுனியில் கறுப்பு முத்திரை. இன்னொரு மூலை, இன்னொரு சுழற்று, இப்போது சாம்பல். இன்னொன்று, வெள்ளை. பிறகு நாசிலை விளக்கை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், ஒளி ஒரு முழு வட்டப் புள்ளியாகத் தெரிய வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் ஒரு பிசிறு தெரிந்தாலும் தூவல் ஒரு பக்கமாகச் சாயும்.

முன்மூடியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மிக நெருங்கி மெல்லிய கோடு இழுக்கும்போது பிளாஸ்டிக்கில் பட்ட புகை திரும்பி வந்து மூடியின் விளிம்பில் படிகிறது. படிந்தது சேர்ந்து துளியாகி, யாரும் எதிர்பாராத நேரத்தில், விசையைத் தொட்ட கணத்தில், மஞ்சளின் மேல் கறுப்புப் புள்ளியாகத் தெறிக்கும். உள்ளே அத்தனையும் கழுவியவர் அப்போது உள்ளேதான் தேடுவார். காட்டன் பட்ஸை நனைத்து மூடியின் உட்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் தீர்ந்தது. தெறிப்பு நிறமில்லாத நீர்த்துளியாக இருந்தால் கதை வேறு: சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் கம்ப்ரசரின் நீர்ப்பிடிப்பான் நிறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் சேர்க்கும்போது ஊசி கடைசி. விசையின் பிளவு வழியாக நுழைத்து, தள்ளாமல், அதன் எடையில் முன்னே போக விட்டால் ஓரிடத்தில் போய் நிற்கும். எதையும் முட்டியது போலிருக்காது, மேலே போக இடமில்லை என்பது மட்டும் விரலுக்குத் தெரியும். அதற்கு மேல் அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் நாசிலின் வாய் விரிந்துவிடும். அந்த இடத்தில் திருகை இறுக்குவதில் இருக்கும் நிதானம் கைக்கு வர நாளாகும்.

எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பதிலும் நுட்பம் இருக்கிறது. மிஸ்டர் கலர் போன்ற லாக்கர் வண்ணம் காய்ந்தாலும் தன் தின்னரைக் கண்டதும் மறுபடி கரையும்; அது நம்மிடம் கருணை காட்டும் வண்ணம். ஸ்பெயினின் வல்லேஹோ போன்ற தண்ணீர்வகை அக்ரிலிக்கின் இயல்பு வேறு. நீரில் மிதக்கும் பிசின் உருண்டைகள் நீர் போனதும் ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பிரியாது. அதை ஈரத்திலேயே பிடிக்க வேண்டும். அதுவும் முதலில் தண்ணீரால். அவசரப்பட்டு ஆல்கஹாலையோ லாக்கர் தின்னரையோ அந்த ஈர வண்ணத்தின் மேல் ஊற்றினால் அது கிண்ணத்திலேயே திரிந்து கட்டிபோய்விடும். நாசில் அடைந்து போகும். தண்ணீர் தெளிந்த பிறகே வீரியமான எதுவும்.

லாக்கர் அடித்த கருவியில் அடுத்துத் தண்ணீர்வகை வண்ணம் வருவதானால் நடுவே தரகர் வேண்டும். லாக்கர் தின்னரும் தண்ணீரும் ஒட்டாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டோடும் சேரும். எனவே தின்னர், ஆல்கஹால், தண்ணீர் என்ற வரிசை. அதில் கடைசிப் படியைத் தாண்டிவிடக் கூடாது, மிஞ்சிய ஆல்கஹாலே புது வண்ணத்தைத் திரிய வைக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானில் கருவியை ஊறப்போடும் பழக்கமும் நல்லதில்லை. உடம்பு முலாம் பூசிய பித்தளை. அம்மோனியா பித்தளையைத் தின்னும்.

இந்த ஏழில் இல்லாத வெள்ளி நிறத்துக்குத் தனி இலக்கணம். வேறொரு விமானத்தில் சக்கரக் கால்களுக்கு வெள்ளி அடித்துவிட்டு, அதே கருவியில் அடுத்து வெள்ளை வரலாம். வெள்ளியில் இருக்கும் அலுமினியத் தகடுகள் பத்து இருபது மைக்ரான் அளவிலானவை, தட்டையானவை. தின்னரில் அவை கரைவதில்லை, நகர்கின்றன. ஓரிடத்தில் கழுவினால் இன்னோரிடத்தில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. தின்னர் தெளிவாகத்தான் வெளியேறும். கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுங்கும். இங்கே ஊதுவதைவிடத் துடைப்பது முக்கியம். தாள் தொட்டால் தகடு தாளில் ஒட்டி வெளியேறிவிடும். காற்று அதை இடம்தான் மாற்றும்.

இத்தனைக்கும் பிறகு மஞ்சளை ஊற்றினால் முதல் தூவல் விமானத்துக்குப் போகக் கூடாது. வெள்ளை பிளாஸ்டிக் துண்டில் ஈரமாக, சிறு குட்டையாகத் தேங்கும்வரை ஊதிப் பார்க்க வேண்டும். தெளிந்த தின்னருக்கு அசையாத படிவம் வரும் வண்ணத்தின் கரைப்பானுக்கு அசைந்துவிடுவதுண்டு. குட்டையின் நடுவைப் பார்ப்பதில் பயனில்லை, அங்கே எல்லா மஞ்சளும் மஞ்சள்தான். படலம் மெலிந்து வெள்ளையோடு சேரும் ஓரத்தில்தான் பச்சை இருந்தால் தெரியும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது உத்தமம். மஞ்சள் பல்பின் கீழ் இந்தச் சோதனை செல்லாது.

மஞ்சள் தேறிவிட்டது, பட்டைகள் நேராக நிற்கின்றன, எண்களும் வட்டச் சின்னங்களும் ஒட்டியாயிற்று. குப்பிகளில் ஏழும் மூடியாயிற்று. எட்டாவதாக ஒன்று இருக்கிறது: எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் போகும் நிறமற்ற மேட் வார்னிஷ். அதற்குச் சொந்தமாக நிறம் இல்லாததால் எதையும் விழுங்கவோ மறைக்கவோ அதனால் முடியாது. உள்ளே மிஞ்சியது எதுவானாலும் அதை விமானம் முழுக்கக் கொண்டுபோய் வைத்துவிடும். வார்னிஷுக்கென்று தனி ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் உண்டு. வசதிதான், ஆனாலும் அது எனக்கு உடன்பாடில்லை. ஊசியை உருவி, நாசிலில் மூன்று திரிகளைச் சுழற்றி, மூடியைத் துடைத்து, வெறும் தின்னரை வெள்ளைத் தாளில் ஊதிக் காயவைத்து, காய்ந்த இடத்தில் விளிம்புக் கோடுகூட விழவில்லை என்று கண்டபின் அதே கருவியில் வார்னிஷை ஊற்றலாம். அடித்து முடித்ததும் கிண்ணத்தை வெறுமையாக விடவேண்டாம். பளபளப்பைக் கொல்வதற்காக அதில் கலந்திருக்கும் நுண்பொடி கண்ணுக்குத் தெரியாமல் கிண்ணச் சுவரில் வெண்பூச்சாகக் காயும். அடுத்த விமானத்தின் கறுப்பில் அது வெளுப்பாக வந்து நிற்கும். உடனே பத்துத் துளி தின்னரும் தூரிகையும், ஊசிக்கு அடியிலும்.